கதையின் கடிகாரம் யார் கையில்? ஓப்பன் வேர்ல்டும் லீனியரும்

தம்பி, படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஓ.எம்.ஆரில் வேலை, வேளச்சேரியில் வீடு. ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒன்றரை மணி நேரம்தான் பிளேஸ்டேஷன் முன்னால் உட்கார முடிகிறது. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' ஒரே மூச்சில் முடிந்தது, முடித்த பிறகும் அதே நினைப்பாக இருந்தீர்கள். 'தி விட்சர் 3'-ஐ மட்டும் திரும்பத் திரும்ப ஆரம்பித்து, ஒவ்வொரு முறையும் வெலன் பகுதியிலேயே விட்டுவிடுகிறீர்கள். நண்பர்களோ, "லீனியர் எல்லாம் பழைய சமாச்சாரம், ஐந்தாயிரம் ரூபாய் கொடுத்து 15 மணி நேரத்தில் முடிகிற கேமை யார் வாங்குவார்கள்?" என்கிறார்கள். கதை சொல்ல எது நல்லது, விட்சர் மாதிரி பெரிய மேப்பில் நம் இஷ்டப்படி சுற்றுகிற ஓப்பன் வேர்ல்டா, லாஸ்ட் ஆஃப் அஸ் மாதிரி வகுத்த பாதையில் நேராகப் போகிற லீனியரா? இதுதான் கேள்வி.

என் பதில் இது. மேப் எவ்வளவு பெரியது என்பதை விட்டுவிடுங்கள். அடுத்த நிமிடம் என்ன நடக்கும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று பாருங்கள். லீனியர் கேமில் கடிகாரம் கேமை உருவாக்கியவர் கையில் இருக்கிறது. ஓப்பன் வேர்ல்டில் அந்தக் கடிகாரத்தை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அவசரத்தையும் சம்பவங்களின் வரிசையையும் நம்பி நிற்கிற கதைக்கு முதல் வகை வேண்டும். ஒரு இடத்தைப் பற்றியும் அங்கே எப்போதோ நடந்து முடிந்ததைப் பற்றியும் சொல்கிற கதைக்கு இரண்டாவது வகை அழகாகப் பொருந்தும். அவசரமான கதையை எழுதிவிட்டு, கடிகாரத்தை ஆடுகிறவரிடம் கொடுக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. விட்சரை நீங்கள் விட்டதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். உங்களுக்குப் பொறுமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

'லீனியர் பழசு' என்ற பேச்சை முதலில் முடித்துவிடலாம். 1984-இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டருக்காக எழுதிய 'எலீட்', 32 கேபி நினைவகத்துக்குள் 8 விண்மீன் மண்டலங்களை, ஒவ்வொன்றிலும் 256 கிரகங்களோடு அடக்கி வைத்திருந்தது. வியாபாரம் செய்வதா, கொள்ளையடிப்பதா, எந்தக் கிரகத்துக்குப் போவது என்று எதையும் அது சொல்லாது. நின்டெண்டோவின் முதல் 'செல்டா' 1986-இல் வந்தது, அதிலும் மேப் திறந்தே கிடக்கும். நேர்க்கோட்டுக் கதையை நுணுக்கமாக நடத்திக் காட்டிய 'ஹாஃப் லைஃப்' 1998-இல்தான் வருகிறது. 2025-இல் வந்த 'மாஃபியா: தி ஓல்ட் கன்ட்ரி' லீனியர் கதை. ஆக இரண்டில் ஒன்று போய் இன்னொன்று வந்ததாகச் சொல்ல வழியே இல்லை. இரண்டும் சேர்ந்தே வளர்ந்தவை.

சரி, 'லாஸ்ட் ஆஃப் அஸ்' ஏன் உங்களை விடவில்லை என்று பார்ப்போம். நீங்கள் முடித்துவிட்டதால் தைரியமாகப் பேசலாம், முடிக்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். கேம் முழுக்க ஒரு சின்ன வேலை வந்துகொண்டே இருக்கும். கதாநாயகன் ஜோயல் சுவரோரம் நின்று கைகளைக் கோத்துக் கொடுப்பான், அவனோடு பயணம் செய்கிற சிறுமி எல்லி அதில் கால் வைத்து மேலே ஏறி ஏணியைக் கீழே இறக்குவாள். கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று கதை நகர நகர, இது யோசிக்காமலே செய்கிற பழக்கமாகிவிடும். குளிர்காலத்தில் அந்தப் பெண்ணுக்கு நடக்கக் கூடாதது எல்லாம் நடக்கிறது. வசந்தம் வருகிறது. ஜோயல் வழக்கம்போல் சுவரோரம் போய்க் கூப்பிடுகிறான். அவள் வரவில்லை. தள்ளி உட்கார்ந்து எங்கேயோ நினைப்பாக இருக்கிறாள்.

ஒரு வரி வசனம் இல்லாமல், அவளுக்குள் ஏதோ உடைந்துபோயிருப்பது நமக்குத் தெரிகிறது. இதை ஓப்பன் வேர்ல்டில் செய்ய முடியுமா? முடியாது என்றே சொல்வேன். அந்த ஏணி எத்தனை முறை வந்தது, கடைசியாக எப்போது வந்தது, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பது உருவாக்கியவருக்குத் துல்லியமாகத் தெரிந்தால்தான் அவள் வராமல் போவதற்கு எடை கிடைக்கும். குளிர்காலத்துக்கும் வசந்தத்துக்கும் நடுவில் நீங்கள் நாற்பது மணி நேரம் மூலிகை பறிக்கப் போயிருந்தால் அந்தக் காட்சி செத்துப்போயிருக்கும்.

அடுத்து நடப்பது இன்னும் முக்கியம். அவள் ஏணியைப் போட்டுவிட்டு ஓடுகிறாள், பின்னாலேயே போனால் ஒட்டகச்சிவிங்கிகள். மாடியில் இருவரும் நின்று அந்தக் கூட்டத்தைப் பார்க்கிற இடத்தில் கேம் உங்களை அவசரப்படுத்தாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், நீங்களாகக் கிளம்பினால்தான் கதை நகரும். அதுவரை தன் கையிலேயே வைத்திருந்த கடிகாரத்தை அந்த ஒரு இடத்தில் மட்டும் ஆடுகிறவரிடம் கொடுக்கிறார்கள். இந்தக் கேமை உருவாக்கிய நாட்டி டாக் நிறுவனத்தின் வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். லீனியர் என்றால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது என்று நினைக்கிறவர்கள் இந்தக் காட்சியை மறுபடி ஆடிப் பார்க்க வேண்டும். எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்று தெரிந்திருப்பதுதான் அங்கே கலை.

'ஹாஃப் லைஃப்' இதை வேறு விதமாகச் செய்தது. அதில் கட்சீனே (ஆட்டத்தை நிறுத்தி, படம் மாதிரி ஓடுகிற காட்சி) கிடையாது. ஆரம்பத்தில் கதாநாயகர் கார்டன் ஃப்ரீமேன் ஆய்வுக்கூடத்துக்குள் ஒரு டிராமில் போவார், இறங்க முடியாது, ஆனால் பெட்டிக்குள் நடக்கலாம், எந்த ஜன்னல் வழியாகவும் பார்க்கலாம். பாதை அவர்களுடையது, பார்வை உங்களுடையது. 2007-இல் வந்த 'கால் ஆஃப் டியூட்டி 4'-இல் அணுகுண்டு வெடித்த பிறகு விழுந்த ஹெலிகாப்டரிலிருந்து ஒரு வீரன் தவழ்ந்து வெளியே வருகிற சின்ன லெவல் (கேமின் ஒரு கட்டம்) இருக்கிறது. அதில் சுட யாரும் இல்லை, ஜெயிக்க எதுவும் இல்லை. சில அடிகள் நகர்ந்து அவன் செத்துப்போகிறான். அதற்கு முன்னால் பல லெவல்களில் நாம்தான் அவனாக ஓடிக்கொண்டிருந்தோம் என்பதால் அந்தச் சில அடிகள் மறப்பதில்லை.

நான் லெவல் டிசைன் வேலை பார்க்கிறவன், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல லீனியர் லெவலில் சுவர் இருப்பதே தெரியக் கூடாது. இருட்டான அறையில் ஒரே ஒரு விளக்கு எந்தக் கதவின் மேல் இருக்கிறது, பிடித்து ஏறக்கூடிய விளிம்புக்கு எந்த நிறம், தோழர் பாத்திரம் எந்தப் பக்கம் இரண்டு அடி முன்னால் நடக்கிறார் என்று ஒவ்வொன்றும் யோசித்து வைத்தது. ஆடுகிறவர் 'நானே கண்டுபிடித்தேன்' என்று நினைத்தால் எங்கள் வேலை சரியாக நடந்திருக்கிறது. அதே வேலை மோசமாக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு 'ஃபைனல் ஃபேன்டஸி 13' இருக்கிறது. 2009-இல் ஜப்பானில் வந்தது. தப்பி ஓடுகிறவர்களின் கதை என்பதால் குறுகிய பாதை கதைக்குப் பொருத்தம்தான். ஆனால் பத்து அத்தியாயங்களுக்கு நடை, சண்டை, கட்சீன் என்று ஒரே தாளம். பதினொன்றாவது அத்தியாயத்தில் கிரான் பல்ஸ் என்ற பெரிய சமவெளி திறக்கும்போது பலர் ஏற்கெனவே எழுந்து போய்விட்டிருந்தார்கள்.

இப்போது ஓப்பன் வேர்ல்டுக்கு வருவோம். 'ஃபால்அவுட் 4' நினைவிருக்கிறதா? 2015. கைக்குழந்தையைக் கண் முன்னால் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எந்தப் பெற்றோரும் அடுத்த நொடியே ஓடுவார்கள். கேமோ உங்களை ஒரு கிராமத்தில் நிறுத்தி, கட்டில் செய், தண்ணீர்க் குழாய் போடு, காவல் கோபுரம் கட்டு என்கிறது. கட்டுவது ஜாலியாகவே இருக்கிறது, அதில் குறை இல்லை. குழந்தைதான் மறந்துபோகிறது. 2020-இல் வந்த 'சைபர்பங்க் 2077'-இல் கதாநாயகரின் தலைக்குள் இருக்கிற சிப் அவரைக் கொன்றுகொண்டிருக்கிறது, நாட்கள் எண்ணப்படுகின்றன. நடுவில் போன் அடித்து, பழைய கார் விற்பனைக்கு இருக்கிறது, வாங்குகிறாயா என்று கேட்கிறார்கள். அந்த நகரம் அபாரமான உழைப்பு, அந்தக் கதையும் நல்ல கதை. இரண்டும் ஒன்றை ஒன்று குழி பறிக்கின்றன.

விட்சரிலும் இதுவே நடக்கிறது. சிரி என்ற பெண்ணைத் துரத்திக்கொண்டு வைல்ட் ஹண்ட் என்ற பயங்கரக் கூட்டம் வருகிறது, கதாநாயகன் கெரால்ட் அவளை வளர்த்த தகப்பன் மாதிரி. மேப்பைத் திறந்தால், இன்னும் போய்ப் பார்க்காத இடங்களின் கேள்விக்குறிகளாக நிரம்பிக் கிடக்கிறது. ஸ்கெல்லிகே தீவுகளுக்குப் போனால் கடல் முழுக்கக் கேள்விக்குறி, ஒவ்வொன்றுக்கும் படகு ஓட்டிப் போனால் மிதக்கிற பெட்டி. உங்களுக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். அதில் முக்கால்வாசி குதிரையிலும் படகிலும் போனால், பிரதான கதையின் ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் ஒரு வாரம் ஓடிவிடுகிறது. சிரிக்காகப் பதறுகிற மனநிலையை ஒரு வாரம் தூக்கிச் சுமக்க யாராலும் முடியாது.

இது எழுத்தாளர்களுக்குத் தெரியாததால் நடப்பதில்லை. அவர்களுக்கு ஒரு நிஜமான நெருக்கடி இருக்கிறது. ஆடுகிறவர் எதை முதலில் பார்ப்பார், யாரைச் சந்தித்திருப்பார், என்ன தெரிந்திருக்கும் என்று எதுவும் தெரியாமல் வசனம் எழுத வேண்டும். அதனால் ஒவ்வொரு காட்சியும் எந்த வரிசையில் வந்தாலும் தாங்குகிற மாதிரி பொதுவாகிவிடுகிறது. செலவுக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. லீனியர் கேமில் கட்டிய ஒவ்வொரு அறைக்குள்ளும் எல்லோரும் நுழைவார்கள், அதனால் ஒரு அறைக்கு மாதக்கணக்கில் உழைக்கலாம். பெரிய மேப்பில் ஒரு மூலையைச் சிலர்தான் பார்ப்பார்கள். அதனால் ஒரே மாதிரி முகாம், ஒரே மாதிரி கோபுரம் என்று பிரதி எடுத்து நிரப்புகிறார்கள். 2007-இல் முதல் 'அசாசின்ஸ் கிரீட்' கோபுரத்தில் ஏறி ஊரைப் பார்க்கச் சொன்னபோது அது புதுசு, சிலிர்ப்பாக இருந்தது. 2012-இல் 'ஃபார் க்ரை 3'-இன் ரேடியோ டவர்களும் வந்த பிறகு அது எல்லாக் கேமிலும் செய்ய வேண்டிய சடங்கு மாதிரி ஆகிவிட்டது.

இதிலிருந்து ஒரு நல்ல விஷயமும் பிறந்திருக்கிறது. ஓப்பன் வேர்ல்டு கேம்களில் சிறந்த எழுத்து பெரும்பாலும் தனித்து நிற்கிற குவெஸ்ட்களில்தான் (ஆடுகிறவருக்குக் கொடுக்கிற பணிகள்) இருக்கும். முன்கதை, பின்கதை எதையும் நம்பாமல் ஒரு சிறுகதை மாதிரி தன்னுள் முழுதாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அவற்றை இறுக்கமாக்குகிறது. நீங்கள் விட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற பிளடி பேரன் (Baron) கதையைப் பாருங்கள். பிரதான கதையின் ஒரு பகுதிதான், ஆனாலும் தனியாக எடுத்துப் படித்தால்கூட நிற்கும். மனைவியும் மகளும் காணாமல் போன ஒரு குடிகாரக் கோட்டைத்தலைவன். அவர்கள் ஏன் போனார்கள் என்று தெரியத் தெரிய, அவன் மேல் இருந்த பரிதாபமும் கோபமும் மாறி மாறி வரும். கொஞ்ச தூரத்தில் ஒரு குன்றின் மரத்தடியில் நீங்கள் எடுக்கிற முடிவு அந்தக் குடும்பத்தின் கதியையும் சில அநாதைக் குழந்தைகளின் கதியையும் மாற்றும். திறந்த மேப்புக்குள் ஒளித்து வைத்த இறுக்கமான கதை அது. அதை முடிக்காமல் விட்டதில்தான் எனக்கு வருத்தம்.

அப்படியானால் ஓப்பன் வேர்ல்டுக்கென்றே பிறந்த கதை உண்டா? உண்டு. 2017 மார்ச்சில் வந்த 'செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்' அதற்கு நான் காட்டுகிற முதல் உதாரணம். கதையின் பேரழிவு 100 வருடம் முன்பே முடிந்துவிட்டது. கதாநாயகன் லிங்க் தூங்கி எழுகிறான், பழைய நினைவு எதுவும் இல்லை. இளவரசி கோட்டையில் தீமையைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறாள், 100 வருடம் நிறுத்தியவள் இன்னும் கொஞ்ச நாள் நிறுத்துவாள். ஆகவே நீங்கள் மலை ஏறலாம், காளான் சமைக்கலாம், இடிந்த ஊர்களில் உட்கார்ந்து யோசிக்கலாம், ஒன்றும் கதைக்கு எதிராகப் போவதில்லை. நினைவிழந்தவன் தன் நாட்டைத் திரும்பத் தெரிந்துகொள்வதுதான் கதை. சுற்றுவதே அந்தக் கதையைப் படிப்பது.

அந்த மேப்பை வரைந்த விதத்தைப் பற்றி அதன் உருவாக்குநர்கள் 2017-இல் ஜப்பானில் நடந்த செடெக் என்ற கேம் உருவாக்குநர்கள் மாநாட்டில் விளக்கியிருக்கிறார்கள். முக்கோணங்கள் என்பது அவர்களுடைய சூத்திரம். மலை, குன்று, கட்டடம் எல்லாம் முக்கோண வடிவில், வெவ்வேறு அளவில். பெரிய முக்கோணம் தூரத்திலிருந்து இழுக்கும். நடுத்தரமானது பின்னால் இருப்பதை மறைக்கும். சுற்றிப் போகும்போது மறைந்திருந்தது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து வேறு பக்கம் இழுக்கும். மயிலாப்பூர் சந்துகளில் நடந்திருப்பீர்கள். கபாலீஸ்வரர் கோபுரம் ஒரு மாடி வீட்டுக்குப் பின்னால் மறையும், அடுத்த திருப்பத்தில் பெரிதாக நிற்கும், போகிற வழியில் ஒரு பூக்கடை கண்ணில் பட்டு நிற்போம். வழி கேட்காமலே கோயிலுக்கு வந்துவிடுவோம், வழியில் நாலு விஷயமும் பார்த்திருப்போம். அந்த நடையைத்தான் அவர்கள் ஒரு நாடு முழுக்க வரைந்திருக்கிறார்கள். இதிலும் கோபுரங்கள் உண்டு, ஆனால் ஏறினால் நிலத்தின் வரைபடம்தான் கிடைக்கும், ஐகான் மழை கிடையாது. எங்கே போக ஆசையோ அங்கே நீங்களே பின் குத்திக்கொள்ள வேண்டும்.

இதே கேமின் ஆரம்பம் அடைத்துவைத்த ஒரு பீடபூமி என்பதையும் கவனியுங்கள். நான்கு கோயில்கள், நான்கு சக்திகள், அதை முடித்தால்தான் பறக்கிற துணி கிடைக்கும், கீழே இறங்க முடியும். சுதந்திரத்தைக் கொடுப்பதற்கு முன்னால் அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்க ஒரு சின்ன வேலி தேவைப்பட்டிருக்கிறது.

இந்த முறைக்கும் ஒரு விலை உண்டு. லிங்கின் பழைய நினைவுகளை எந்த வரிசையிலும் பார்க்கலாம் என்பதால் ஒவ்வொன்றும் உதிரித் துண்டாகவே இருக்கிறது, ஏணிக் காட்சி மாதிரி சேர்ந்து சேர்ந்து கனப்பதில்லை. 2023-இல் வந்த 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' இதில் நன்றாகவே மாட்டிக்கொண்டது. மேப்பில் சிதறிக் கிடக்கிற நினைவுகளில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. அதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டால், நமக்குத் தெரியும், லிங்குக்கும் தெரியும், ஆனால் மற்றவர்கள் எதுவும் தெரியாதவர்களாகத் தேடிக்கொண்டே இருப்பார்கள், நம்மால் சொல்லவும் முடியாது. அவ்வளவு கவனமான குழுவுக்கே வரிசையைக் கைவிட்டால் இந்தச் சேதம் நேர்கிறது.

'எல்டன் ரிங்' (2022) இதே வழியில் இன்னும் தூரம் போகிறது. சண்டை நடந்து முடிந்த ஒரு நாடு, நொறுங்கிய அரசகுலம். யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள் என்பது ஒரு வாளின் குறிப்பிலும், ஒரு சிலையின் கை உடைந்திருக்கிற விதத்திலும் கிடைக்கும். வெளியே வந்ததும் ட்ரீ சென்டினல் என்ற குதிரைவீரன் உங்களை நசுக்கிவிடுவான். வேறு பக்கம் போ, பலமாகித் திரும்பி வா என்று அந்தத் தோல்வியே சொல்கிறது. அதாவது வரிசையைக் கதவு போட்டு நிர்ணயிக்காமல், கஷ்டத்தை வைத்து நிர்ணயிக்கிறார்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தவை கடிகாரத்தைக் கதைக்குள்ளேயே மாட்டி வைத்த கேம்கள். 1997-இல் வந்த முதல் 'ஃபால்அவுட்' 150 நாளுக்குள் உங்கள் மக்களுக்குத் தண்ணீர் சிப் கொண்டுவரச் சொல்லும். உலகம் திறந்திருக்கும், ஆனால் ஒவ்வொரு சுற்றுவழிக்கும் விலை உண்டு. 2000-இல் வந்த 'செல்டா: மஜோராஸ் மாஸ்க்'-இல் மூன்று நாளில் நிலா விழுந்து ஊரே அழியும். நீங்கள் காலத்தைப் பின்னால் திருப்பித் திருப்பி அந்த மூன்று நாளில் ஒவ்வொருவரும் எந்த மணிக்கு எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வீர்கள். 2019-இல் வந்த 'அவுட்டர் வைல்ட்ஸ்' இதன் உச்சம். 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கும், மறுபடி முதலிலிருந்து விழிப்பீர்கள். ஆயுதம், லெவல், பணம் எதுவும் சேராது. உங்களோடு வருவது நீங்கள் தெரிந்துகொண்டது மட்டும். எந்தக் கிரகத்துக்கு முதலில் போனாலும் கதை குலையாது, ஏனென்றால் அது துப்பறிகிற கதை, துப்புகள் எந்த வரிசையிலும் சேரலாம். இதற்கு மேல் அந்தக் கேமைப் பற்றிச் சொல்ல மாட்டேன். தெரியாமல் ஆட வேண்டியது.

'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'-ஐ (2018) நிறைய பேர் இரண்டுக்கும் நடுவில் கிடைத்த வெற்றி என்பார்கள். எனக்கு முழு சம்மதம் இல்லை. மிஷனுக்கு வெளியே எவ்வளவு சுதந்திரமோ, உள்ளே அவ்வளவு கெடுபிடி. அவர்கள் நினைத்த வழியை விட்டுக் கொஞ்சம் சுற்றிப் போனாலே மிஷன் தோல்வி என்று வந்துவிடும். ஆனால் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எல்லாமே மெதுவாக நடக்கும். முகாமுக்குள் கதாநாயகன் ஆர்தர் ஓட முடியாது, நடக்கத்தான் வேண்டும். வேட்டையாடிய மானைத் தோலுரிப்பது, குதிரையைத் தேய்ப்பது எல்லாம் அதற்குரிய நேரம் எடுக்கும். கடிகாரத்தை உங்களிடம் கொடுத்துவிட்டு, முள்ளை மட்டும் கனமாக்கி வைத்திருக்கிறார்கள். இதைக் குறையாகப் பேசுகிறவர்கள் உண்டு. ஒரு முடிந்துபோகிற காலத்தைப் பற்றிய அந்தக் கதைக்கு அந்த மந்தம்தான் உயிர் என்பது என் கருத்து.

நம் ஊரில் ஓப்பன் வேர்ல்டு என்றாலே கதை வேண்டாம் என்ற எண்ணம் இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சென்னையில் என் வயதுக்காரர்கள் பலர் இதை பிரவுசிங் சென்டரில்தான் கற்றுக்கொண்டார்கள். 'ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி', 2002-இல் வந்தது. மணிக்கணக்கில் காசு, அடுத்தவன் நம் சேவ் ஃபைல் மேலேயே தன்னுடையதைப் போட்டுவிடுவான், பின்னால் நாலு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்தச் சூழலில் யார் மிஷன் ஆடுவார்கள்? 'பேன்சர்' என்று தட்டினால் டாங்கி வரும், 'லீவ்மீஅலோன்' என்று தட்டினால் போலீஸ் போய்விடும், நேரம் முடிகிற வரை கொண்டாட்டம். கதாநாயகன் டாமி வெர்செட்டிக்கு ஒழுங்கான ஒரு கதை இருப்பதும், புயல் எச்சரிக்கை என்று சொல்லி பாலத்தை அடைத்து, கதை நகர்ந்த பிறகே அடுத்த தீவைத் திறப்பதும் நிறைய பேருக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் அதை வைத்து, சுதந்திரமும் கதையும் ஒத்துப்போகாது என்றோ, சுதந்திரம் இருந்தால்தான் கேம் என்றோ முடிவு கட்டக் கூடாது.

நடுவழி கேம்களையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும், உங்கள் நேரத்துக்கு அவைதான் சரி. 'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகஸி', 2017. கதை நடப்பது இந்தியாவில், தேடுவது ஹொய்சாளர்களின் புதையல், ஹளேபீடு, பேலூர் பெயர்கள் வரும். நான்காவது அத்தியாயம் மேற்குத் தொடர்ச்சி மலை. அதுவரை நேர்க்கோட்டில் வந்த கேம் அங்கே ஒரு ஜீப்பைக் கொடுத்து, மூன்று இடங்களுக்கு எந்த வரிசையில் வேண்டுமானாலும் போ என்று விட்டுவிடும். நாயகிகள் க்ளோயியும் நாடீனும் இன்னும் ஒருவரை ஒருவர் நம்பாத கட்டம் அது, ஜீப்பில் சுற்றுகிற நேரத்தில்தான் பேச்சு வளர்கிறது. மேப் திறப்பதற்குக் கதையிலேயே காரணம் இருக்கிறது. நம் ஊர்க் கோயில் சிற்பங்களைத் தெரிந்த கண்ணுக்குக் கற்பனை எங்கே, நிஜம் எங்கே என்று பார்ப்பதும் ஒரு தனி சுவை.

2018-இன் 'காட் ஆஃப் வார்' இன்னும் சாமர்த்தியம். நடுவில் ஒரு ஏரி, கதை நகரும்போதெல்லாம் நீர்மட்டம் இறங்கி புதுக் கரைகள் தெரியும். படகில் போகும்போது கூட வருகிற மிமிர் பழங்கதை சொல்லிக்கொண்டு வருவான். நீங்கள் பாதியில் கரை இறங்கினால் நிறுத்திக்கொள்வான், திரும்பப் படகில் ஏறினால் விட்ட இடத்திலிருந்து தொடர்வான். ஆடுகிறவர் குறுக்கே போவார் என்பதை ஏற்றுக்கொண்டு எழுதிய வசனம் அது. இப்படி ஒரு சின்ன ஏற்பாட்டுக்கு எவ்வளவு உழைப்பு போயிருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் மரியாதை கூடுகிறது.

புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-இல் கொண்டுவந்த 'ராஜி'-யையும் விட்டுவிடாதீர்கள். கடத்தப்பட்ட தம்பி கோலுவைத் தேடி ஓடுகிற அக்கா. அவசரமான கதை, அதனால் லீனியர். சில மணி நேரத்தில் முடியும். சின்னக் குழுவிடம் இருக்கிற பணத்துக்குப் பெரிய நாட்டைக் காலியாகக் கட்டுவதைவிட, ஒரு அரண்மனையை ஒழுங்காகக் கட்டுவது நல்ல முடிவு. இங்கே கேம் செய்ய ஆசைப்படுகிற மாணவர்கள் என்னிடம் முதல் கேமே ஓப்பன் வேர்ல்டு என்று வரும்போது இதைத்தான் ஆடிப் பார்க்கச் சொல்கிறேன்.

உங்கள் நண்பர்களின் காசுக் கணக்கு நியாயமான கவலை. புதிய பெரிய கேம் ஐந்தாயிரத்தை ஒட்டி விற்கும்போது யாருக்கும் யோசனை வரும். ஆனால் மணி நேரத்தை வைத்து வகுத்தால், கேள்விக்குறிகளைத் துரத்திய நேரமும் அந்த ஒட்டகச்சிவிங்கி நேரமும் ஒரே விலை ஆகிவிடும். அதோடு, பாதியில் விட்ட 100 மணி நேரக் கேம் மலிவு ஆகாது. டிஸ்க்காக வாங்குங்கள். லீனியர் கேமைச் சீக்கிரம் முடித்து, ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ தெரிந்தவரிடமோ நல்ல விலை இருக்கும்போதே விற்றுவிடலாம்.

இப்போது உங்கள் ஒன்றரை மணி நேரத்துக்கு வருகிறேன். விட்சரை மறுபடி ஆரம்பிக்க வேண்டாம், விட்ட சேவிலிருந்தே தொடருங்கள். மேப்பில் கேள்விக்குறிகளை மறைத்துவிடுங்கள். ஒரு ராத்திரிக்கு ஒரு குவெஸ்ட், அதுவும் ஊரில் யாராவது வாய்விட்டுச் சொன்னது மட்டும். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு உடனே தாவ உதவுகிற வேகப்பயணக் கம்பங்களைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். முதலில் அந்த பிளடி பேரன் கதை, அது முடிகிற வரை வேறு எதையும் தொட வேண்டாம். கேமுக்குள் வருகிற சீட்டாட்டம் பிடித்திருந்தால் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் ஓடவில்லை என்றால் 'அவுட்டர் வைல்ட்ஸ்' போடுங்கள், ஒரு சுற்று 22 நிமிடம், ராத்திரிக்கு மூன்று சுற்று தாராளமாக வரும். வார இறுதியில் 'லாஸ்ட் லெகஸி'.

விட்சர் ஓடினால், எல்லாம் முடித்த பிறகு 'ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்' என்ற கூடுதல் கதையை வாங்குங்கள். 2015 அக்டோபரில் வந்தது, பத்து மணி நேரம் போல. அதே திறந்த மேப்தான். ஆனால் ஓல்கியர்ட் என்ற ஒருவன், அவன் செய்த ஓர் ஒப்பந்தம், அதைச் சுற்றியே நிற்கிற கதை. ஒரு கல்யாண வீட்டுக் காட்சி இருக்கிறது, அதை ஒரே உட்காரலில் ஆடுங்கள், நடுவில் நிறுத்த வேண்டாம்.